இன்ஜினுக்கு ஒரு டோக்கன்

எங்கள் வாகனப் பதிவு அலுவலகத்தைப் பற்றி வெளியே நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். நான் அங்கே இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். அதனால் ஐந்தாவது விதமாகப் பேச எனக்கு உரிமை உண்டு. அங்கே யாரும் யாரையும் வேண்டுமென்றே அலைக்கழிப்பதில்லை. வேண்டுமென்றே ஒன்றைச் செய்ய, முதலில் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நான் இருக்கைப் பிரிவு. ஒரு வண்டி ஆய்வுக்கு வந்தால் அதில் எத்தனை இருக்கைகள், ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்துப் பச்சை அட்டைப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. விதி பதினான்கு மிகத் தெளிவானது: இருக்கையில் இருப்பது பயணி, இருக்கையில் இல்லாதது சரக்கு. இந்த விதிப்படி ஒருமுறை ஒரு தையல் மெஷினைப் பயணி என்றும், தாயின் மடியில் தூங்கிய கைக்குழந்தையைச் சரக்கு என்றும் எழுதினேன். அந்தப் பெண் சண்டைக்கு வந்தாள். குழந்தையை மடியிலிருந்து இருக்கைக்கு மாற்றச் சொன்னேன். மாற்றினாள், உடனே பயணி ஆகிவிட்டது. விதியைப் புரிந்துகொண்டால் எல்லாம் சுலபம்தான்.

இனி அக்காவின் காருக்கு வருகிறேன்.

அக்காவுக்கு ஐம்பது வயதான கார் ஒன்று உண்டு. காருக்குத்தான் ஐம்பது, அக்காவுக்கு அதைவிட இரண்டு குறைவு. உருண்டைக் கண்களும் தடித்த உதடும் கொண்ட அந்தக் காருக்கு வீட்டில் பெரியவர் என்று பெயர். பெரியவரை அக்கா மட்டும்தான் ஓட்டுவாள். தெருவில் ஏழு பெண்களுக்கு அதில் ஓட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அத்தானுக்கு, அதாவது அவள் கணவருக்கு, அந்தக் காரின் ஒவ்வொரு நட்டும் போல்ட்டும் தெரியும். ஆனால் ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்தால் கேட் தூணைத் தேடிப் போய் இடிப்பார்.

அத்தான் காயில் கட்டுகிறவர். கருகிப்போன ஃபேன், தண்ணீர் மோட்டார், மாவு மில் மோட்டார் என்று எதைக் கொண்டு போனாலும் வெந்த செம்புக் கம்பியைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். அவருக்கு ஒரு பழக்கம். வேலை முடிந்த ஒவ்வொரு மோட்டாரிலும் ஓர் அட்டை கட்டித் தொங்கவிடுவார். எதை எடுத்தோம், எதைப் போட்டோம் என்று அதில் முத்து முத்தாக எழுதியிருக்கும். ஒரு ஸ்க்ரூவை மாற்றியிருந்தாலும் எழுதுவார். யாரும் படிப்பதில்லை, ஆனாலும் எழுதுவார். இந்தப் பழக்கம்தான் பின்னால் எல்லா வினைக்கும் விதையானது.

இரண்டு வருடம் முன்பு அக்காவுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. கார் நிற்கும் ஷெட்டுக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். பெரியவர் காலையில் கண் விழித்தால் நீலப் புகை கக்கித்தான் கண் விழிப்பார். டாக்டர் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டு, "காரா, நுரையீரலா? ரெண்டுல எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க" என்றார். அக்கா வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஷெட்டுக்குப் போய், ஸ்டார்ட் செய்யாத காரில், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். மூன்று நாள் அத்தான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் பானெட்டைக் கழற்றினார்.

ஷெட்டின் இரும்பு உத்திரத்தில் செயின் பிளாக்கை மாட்டி இன்ஜினைத் தூக்கி ஓரமாக இறக்கினார். கிடங்கில் மூட்டை தூக்கும் பேட்டரி வண்டி ஒன்று உடைப்புக்குப் போயிருந்தது. அதன் மோட்டாரை வாங்கி வந்து பிரித்து, புதிதாகக் காயில் கட்டினார். கியர்பாக்ஸ் பழையதுதான். அதையும் மோட்டாரையும் இணைக்கும் தட்டை முதலில் காலண்டர் அட்டையில் வெட்டிப் பார்த்தார். மூன்று வருடக் காலண்டர்கள் வீணாகி, நாலாவது பொருந்தியது. அதை லேத்துக்காரரிடம் கொடுத்து இரும்பில் செய்து வாங்கினார். மையம் மயிரிழை விலகியிருந்ததால் ஓட்டும்போது பல் கூசும்படி அதிர்ந்தது. எல்லாவற்றையும் மறுபடி கழற்றி, மறுபடி பூட்டினார். ரேடியேட்டர் இருந்த இடத்திலும் டிக்கியிலும் பேட்டரிப் பெட்டிகள் ஏறின. பின் இருக்கைக்குக்கூடப் புதிதாக பெல்ட் வைத்தார். ஐந்து மாதம் ஆயிற்று.

முதல் நாள் அக்கா சாவியைத் திருப்பி, பெடலை மிதித்துவிட்டு, தலையை வெளியே நீட்டினாள்.

"என்னங்க, ஸ்டார்ட்டே ஆகலையே."

"கேட்டைத் தாண்டிட்டம்மா."

அக்கா திரும்பிப் பார்த்தாள். கேட் பின்னால் இருந்தது. அவள் சிரிக்க ஆரம்பித்து, நடுவில் ஒரு தடவையும் இருமாமல், சிரித்து முடித்தாள். அப்படி அவள் சிரித்துப் பல மாதமாகியிருந்தது.

மறுநாள் அத்தான் மாற்றத்தைப் பதிவு செய்ய எங்கள் அலுவலகத்தில் படிவம் வாங்கி நிரப்பினார். நான் உடனிருந்திருந்தால் தடுத்திருப்பேன். பதினோராவது கட்டம், 'நீக்கப்பட்ட பாகங்கள்'. எங்கள் அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து எல்லோரும் காலியாக விட்டுவிடும் கட்டம் அது. அத்தான் மோட்டாரில் அட்டை கட்டுகிற அதே கையெழுத்தில், அதே நேர்மையோடு, 'இன்ஜின், பெட்ரோல் டேங்க், ரேடியேட்டர், சைலன்சர்' என்று எழுதிக் கீழே கோடும் போட்டுவிட்டார்.

இன்ஜின் நீக்கப்பட்ட வண்டி, சட்டப்படி வண்டி அல்ல. தொண்ணூறு நாளுக்குள் சான்றிதழ் வாங்கி அது மறுபடி வண்டி ஆகாவிட்டால் நசுக்குமிடத்துக்குப் போகும். அங்கே ஒரு பெரிய இரும்புப் பலகை மேலிருந்து இறங்கும். உள்ளே போன கார் அரிசி மூட்டை அளவுக்கு வெளியே வரும்.

"பத்து நிமிஷ வேலைக்குத் தொண்ணூறு நாள் எதுக்கு?" என்று அத்தான் கேட்டார். பாவம், வெள்ளந்தி.

முதலில் ஆய்வாளர். எங்கள் அலுவலகத்தில் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் ஒரே ஆள் அவர். இன்ஜினில் பொறித்திருக்கும் எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் எழும்பும். அந்தத் தாளை ஒட்டினால்தான் படிவம் அடுத்த மேசைக்கு நகரும். அவர் தாளும் பென்சிலுமாக வந்து பானெட்டுக்குள் குனிந்தார். குனிந்தபடியே சிறிது நேரம் இருந்தார்.

"இன்ஜின் எங்க?"

"எடுத்தாச்சு சார். பதினோராவது கட்டத்துல எழுதியிருக்கேன்."

"எழுதினது சரி. நான் எது மேல தேய்க்கிறது?"

"மோட்டார்ல நம்பர் இருக்கு சார். தகடு அடிச்சிருக்கு."

"அது மோட்டார் நம்பர். இங்க கேட்டுருக்கிறது இன்ஜின் நம்பர்."

"இன்ஜினே இல்லாத காருக்கு இன்ஜின் நம்பர் எதுக்கு சார்?"

ஆய்வாளர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பொறுமையாக விளக்கினார். "இன்ஜின் இல்லைன்னு நான் எழுதணும். எந்த இன்ஜின் இல்லைன்னு எழுதுறது? உலகத்துல எத்தனையோ இன்ஜின் இந்த வண்டியில இல்ல. லாரி இன்ஜின் இல்ல, கப்பல் இன்ஜின் இல்ல. இன்ன நம்பர் இன்ஜின் இல்லைன்னு குறிப்பா எழுதணும்னா அந்த இன்ஜின் எனக்கு முன்னாடி இருக்கணும். இல்லாததை எல்லாம் நான் பொத்தாம்பொதுவா இல்லைன்னு சொல்ல முடியாது. நாளைக்கு யாராவது கேட்டா?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இருக்கைப் பிரிவு இன்ஜின் விஷயத்தில் தலையிடக் கூடாது.

அடுத்த வாரம் அத்தானும் லேத்துக்காரரும் இன்ஜினைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முன்னால் அக்கா பெரியவரைச் சத்தமில்லாமல் ஓட்டிவந்தாள். ஆய்வாளர் ஆசை தீரத் தேய்த்தார். எண் அழகாக விழுந்தது. ஒட்டுவதற்குப் பசை எடுத்தவர், கையேட்டை ஒருமுறை புரட்டினார். எங்கள் அலுவலகத்தில் எந்த நல்ல காரியமும் கையேட்டைப் புரட்டும் வரைதான்.

"எண் எடுக்கும்போது இன்ஜினும் வண்டியும் சேர்ந்த நிலையில இருக்கணும்னு போட்டுருக்கே."

அத்தான் கயிறு எடுத்து, தள்ளுவண்டியைக் காரின் பின்னால் கட்டினார். கயிறு கட்டினால் சேர்ந்த நிலை ஆகுமா என்று ஆய்வாளர் மேலே எழுதிக் கேட்டார். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது: கயிறு இழுவை ஆகும், சேர்க்கை ஆகாது, மேலும், இழுத்து வந்ததற்கு இழுவை வண்டி அனுமதி பெறப்பட்டதா என்று விசாரித்து அறிக்கை அனுப்பவும்.

அந்த விசாரணைக்குப் பதினாறு நாள் போயிற்று. முடிவில் ஆய்வாளர் நல்ல மனதோடு ஒரு வழி சொன்னார். "இன்ஜினை வண்டிக்குள்ளேயே வச்சுக் கொண்டு வாங்களேன். உள்ள இருந்தா சேர்ந்த நிலைதான். யாரும் கேள்வி கேக்க முடியாது."

பானெட்டுக்கடியில் பேட்டரி. டிக்கியில் பேட்டரி. மிச்சம் இருந்தது பின் இருக்கைதான். இரும்புச் சட்டத்தில் பூட்டிய இன்ஜினைப் பின் இருக்கையில் ஏற்றினார்கள். வளாகத்து வாசலில் காவலாளி தடுத்தார். பெல்ட் போடாமல் யாரையும் உள்ளே விடக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. அத்தான் இன்ஜினுக்கு பெல்ட் போட்டார். எண் ஒட்டப்பட்டது. ஐம்பத்து இரண்டாவது நாள், படிவம் அடுத்த மேசைக்கு, அதாவது புகைக்கு, நகர்ந்தது.

புகை பார்ப்பவர் ஒரு வேனில் உட்கார்ந்திருப்பார். கையில் நீளக் குழாய். அதை சைலன்சருக்குள் நுழைத்தால் கருவி ஒரு எண் காட்டும். அவர் பெரியவரின் பின்பக்கம் குனிந்து பார்த்தார், படுத்தும் பார்த்தார்.

"எங்கண்ணே நுழைக்கிறது?"

"நுழைக்க ஒண்ணும் இல்லப்பா. இது புகை விடாது."

"குழாயை எங்கயாவது வச்சே ஆகணும்ணே. கையில வச்சுக்கிட்டு நின்னா மெஷின் கோவிச்சுக்கும்."

சரி, காருக்குப் பின்னால் காற்றில் பிடி என்றார் அத்தான். பிடித்தார். கருவி கூவியது. அளவைப்போல் மூன்று மடங்கு புகை. ஆய்வுக்காகக் காலையிலிருந்து உறுமிக்கொண்டு நின்ற பதினாலு லாரிகளின் காற்றைத்தான் அது குடித்திருந்தது. ஓடாமல் நின்ற கார், எங்கள் வளாகத்துக் காற்றுக்காக, புகைச் சோதனையில் தோற்றது.

மறுமுறை சுவர் மூடிய கொட்டகைக்குள் வைத்துப் பார்த்தார்கள். பூஜ்யம். ஆனால் கணினி பூஜ்யத்தை வாங்கவில்லை. 'மாதிரி இல்லை. மீண்டும் முயலவும்' என்றது. புகைக்காரர் ஏழு தடவை முயன்றார். ஏழு தடவையும் அது அதையே சொன்னது. படிவம் தலைமை அதிகாரியின் அறைக்குப் போயிற்று. அத்தானும் போனார். துணைக்கு நானும் போனேன்.

தலைமை அதிகாரி மனிதர்களைப் பார்த்துப் பேச மாட்டார். மேசைக் கண்ணாடியில் தெரியும் தம் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்.

"உக்காருங்க. உங்க முயற்சியைப் பாராட்டுறேன். ஆனா கொஞ்சம் பொறுப்போட யோசிச்சுப் பாருங்க. புகையைக் கட்டுப்படுத்தத்தான் இந்த அலுவலகமே இருக்கு. முப்பத்தெட்டு பேர் ராத்திரி பகலா உழைக்கிறோம். அதாவது, பகல்ல மட்டும். எல்லாரும் உங்களை மாதிரி புகையே இல்லாம வந்து நின்னா, நாங்க எதைக் கட்டுப்படுத்துறது?"

"சார், புகை இல்லாம இருக்கிறது நல்லதுதானே?"

"நல்லதுதான். யார் இல்லைன்னா? ஆனா அளவுக்குள்ள இருக்குன்னு நான் கையெழுத்துப் போடணும். இல்லாத புகை அளவுக்குள்ள இருக்கா, வெளிய இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? அப்புறம், மின்சாரத்துல ஒரு வண்டி ஓடும்கிறதே எனக்கு இன்னும் முழுசா நம்பிக்கையில்ல."

அத்தான் மெதுவாக மேலே கையைக் காட்டினார். "சார், உங்க தலைக்கு மேல சுத்துதே, அந்த ஃபேன் மோட்டார் நான் காயில் கட்டினதுதான். போன வருஷம். அதுவும் மின்சாரம்தான்."

தலைமை அதிகாரி முதல்முறையாக மேலே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அது ஒரே இடத்துல சுத்துது. எங்கயும் போகல. அதனால அதுமேல எங்களுக்கு ஆட்சேபணை இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சமா புகை விடுற மாதிரி கொண்டு வாங்க. கொஞ்சம் போதும். நாங்க ஒண்ணும் பிடிவாதக்காரங்க இல்ல."

வெளியே வந்ததும் அத்தான் படியில் உட்கார்ந்துவிட்டார். "மச்சான், எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இவங்க சாயங்காலம் வீட்டுக்குப் போற வழி இவங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். சரியாக நாலே முக்காலுக்கெல்லாம் தெரிந்துவிடும்.

எண்பத்தொன்றாவது நாள் தபாலில் நசுக்கு ஆணை வந்தது. இன்னும் ஒன்பது நாளில் வண்டியை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும் முன் வண்டியை நன்றாகக் கழுவியிருக்க வேண்டும். அன்று மாலை நான் போனபோது அக்கா ஷெட்டில், காருக்குள், பழையபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் ஆணை கிடந்தது.

"இருபத்திரெண்டு வருஷமா அங்க உக்காந்திருக்கே. ஒரு கையெழுத்து வாங்க முடியலையாடா உன்னால?"

"என் பிரிவு வேறக்கா."

"உன் பிரிவு வேறயா?" அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இருமிக்கிட்டே இருந்தப்பகூட நான் அழல. இந்தா, இன்னிக்கு அழுதேன். எனக்கு இந்தக் கார் வேணும்டா தம்பி. அவ்வளவுதான். வேற எதுவும் கேக்கல."

எனக்கு அவமானமாக இருந்தது. விதி, பிரிவு, பதிவேடு எல்லாம் அந்த ஷெட்டுக்குள் ஒரு வார்த்தைக்கும் உதவவில்லை. அத்தான் மூலையில் நின்று சைலன்சரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புகைதானே வேணும்?" என்றார். "இன்ஜினும் உள்ளதான் இருக்கணும். அப்ப ரெண்டையும் சேத்துக் குடுத்துடுறேன்."

எட்டு நாளில் அவர் செய்த வேலையைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று யாருக்கும் தெரியாது. கழற்றிய சைலன்சரைக் காருக்கடியில் மறுபடி பற்றவைத்தார். பின் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த இன்ஜினிலிருந்து ஒரு குழாயை ஜன்னல் வழியாக வெளியே எடுத்து சைலன்சரில் சேர்த்தார். கதவுக்கு மேலுள்ள கொக்கியில் ஒரு பாட்டில் பெட்ரோலை, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவது போல, தலைகீழாகத் தொங்கவிட்டார். கார் மின்சாரத்தில் ஓடும். இன்ஜின் பின்னால் உட்கார்ந்துகொண்டு புகை விடும். ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் கிடையாது. எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறோம் என்பதால் எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை.

தொண்ணூறாவது நாள். விதிப்படி உரிமையாளர்தான் ஓட்ட வேண்டும். கார் அக்கா பெயரில் இருந்தது. அவளுக்கு மூச்சு இரைக்கும், நான் ஓட்டுகிறேன் என்று ஆய்வாளரிடம் கெஞ்சினேன்.

"உரிமையாளர் இருமுறதுக்கு விதியில தடை இல்லையே" என்றார்.

அத்தான் இன்ஜினைக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்பினார். எட்டு மாதப் பசியோடு அது உறுமியது. சைலன்சரிலிருந்து நீலப் புகை எட்டிப் பார்த்தது. புகைக்காரர் குழாயை நுழைத்தார். குழாய் இணைப்பு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் பாதிப் புகை காருக்குள்ளேயேதான் சுற்றியது. அக்கா வாயில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு வளாகத்தை ஒரு சுற்று வந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஒரு கியர்கூடத் தப்பவில்லை. புகைக்காரர் குழாயைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். அத்தான் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். நானும் காருக்குப் பின்னால் ஓடினேன். என் இருபத்திரண்டு வருடத்தில் அந்த வளாகத்தில் யாருக்காகவும் நான் அப்படி ஓடியதில்லை.

கணினி எண்ணை வாங்கிக்கொண்டது. அளவுக்குள் இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். தலைமை அதிகாரி படிக்கட்டில் நின்று ஒரு சிற்றுரை ஆற்றினார்.

"பாத்தீங்களா? முடியாதுன்னு சொன்னாங்க. மின்சாரக் காரும் முறையா புகை விட முடியும்னு இன்னிக்கு நிரூபிச்சிருக்கோம். வழிகாட்டினது இந்த அலுவலகம். இனிமே எல்லா மின்சார வண்டிகளும் இதே மாதிரி வரணும்னு மேலே எழுதப்போறேன்."

அக்கா காரிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் இருமினாள். அந்த இருமலுக்கு நடுவில்தான் படிவம் கடைசி மேசைக்கு, என் மேசைக்கு, வந்து சேர்ந்தது.

நான் பச்சைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய்க் காருக்குள் எட்டிப் பார்த்தேன். விதி பதினான்கை மனதுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டேன். என் பதிவேட்டில் நாலு கட்டங்கள் உண்டு. நாலாவதை இதுவரை யாரும் நிரப்பியதில்லை, நானும்தான். அன்று நாலையும் நிரப்பினேன். தலைமை அதிகாரி கையெழுத்துப் போட்டார். இருக்கைப் பிரிவு எழுதுவதை அவர் படிப்பதில்லை. அவர் மட்டும் அல்ல, யாரும்தான்.

மறுநாள் சான்றிதழ் அத்தான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நானும் போயிருந்தேன். அக்கா கட்டிலில் சாய்ந்துகொண்டு அதைப் படித்தாள்.

"இன்ஜினை எப்பவும் வண்டியிலேயே வச்சிருக்கணுமாடா? அப்படின்னா இந்தக் கார் எனக்கு எதுக்கு?"

"பின்னாடி திருப்பிப் படி, அக்கா. என் பகுதி."

திருப்பினாள். உரக்கவே படித்தாள். "பின் இருக்கை. பயணி ஒன்று. பெல்ட் அணிந்துள்ளது. இறங்குமிடம்..." நிறுத்தினாள். மறுபடி வாசித்தாள். "இறங்குமிடம்: வாகனப் பதிவு அலுவலகம், காத்திருப்போர் கூடம்."

அத்தான் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். யாரும் படிக்காததைத் தம்மைப் போலவே ஒழுங்காக எழுதும் ஒரு மனிதனை அவர் ஆயுள் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார் போலும். என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"பயணியை எப்பவும் வண்டியிலேயே வச்சுக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லக்கா" என்றேன். "சொன்ன இடத்துல இறக்கி விடலைன்னாத்தான் குத்தம்."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பெரியவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். அத்தானும் லேத்துக்காரரும் பெல்ட்டைக் கழற்றி, இன்ஜினைத் தள்ளுவண்டியில் இறக்கி, கூடத்துக்குள் கொண்டுபோய் மூன்று இருக்கை சேர்ந்த இரும்பு நாற்காலியில் நடு இருக்கையில் அமர்த்தினார்கள். அத்தான் வழக்கம்போல அதில் ஓர் அட்டை கட்டினார். கூடத்துக்குள் வரும் யாருக்கும் டோக்கன் கொடுக்க வேண்டும் என்பது காவலாளிக்கு உத்தரவு. கொடுத்தார். இருநூற்றுப் பதினேழு.

தலைமை அதிகாரி வந்து பார்த்தார். யாருடையது என்று கேட்டார். நான் பதிவேட்டைக் காட்டினேன், அவருடைய கையெழுத்தையும் காட்டினேன். சான்றிதழை ரத்து செய்யலாமா என்று ஆய்வாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கொடுத்த சான்றிதழைத் திரும்ப வாங்க நம்மகிட்ட படிவம் இல்ல" என்றார் தலைமை அதிகாரி. அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மை அதுதான். "சரி, காத்திருக்கட்டும். நம்பர் வந்தா கூப்பிடுவோம்."

நாள் ஒன்றுக்கு எண்பது டோக்கனுக்கு மேல் நாங்கள் கூப்பிடுவதில்லை. மறுநாள் ஒன்றிலிருந்து தொடங்கும்.

அக்கா இப்போது தினமும் காலையில் பெரியவரை ஓட்டிக்கொண்டு எங்கள் அலுவலகத்தைத் தாண்டிப் போகிறாள். பக்கத்து இருக்கையில் தெருவின் எட்டாவது பெண் ஒருத்தி உட்கார்ந்து ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். சத்தமில்லாத கார் என்பதால் போவது யாருக்கும் தெரியாது. அதனால் எங்கள் வாசலில் மட்டும் நின்று நிதானமாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போகிறாள். இருமல் நின்று ஆறு மாதமாகிறது.

இன்ஜின் இருக்கையில் இருப்பதால் அது என் பிரிவு. காலையில் வந்ததும் தூசி தட்டி, பதிவேட்டில் ஒரு வரி எழுதுகிறேன். போன வாரம் வழக்கமாக வரும் ஒரு முதியவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அதன் அட்டையை முழுவதும் படித்துவிட்டு, என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது எவ்வளவு நாளா இங்க இருக்கு?"

"ஏழு மாசமாச்சுய்யா."

அவர் சட்டைப் பையிலிருந்து தம் பழைய டோக்கனை எடுத்துத் தேதியைப் பார்த்தார். பிறகு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

"அப்ப எனக்குப் பின்னாடி வந்ததுதான்" என்றார்.